அப்ரண்டிஸும் தொழிலாளியே!

(கும்மிடிப்பூண்டி தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

ஊத்துக்கோட்டைப் பக்கம் நாற்று நட்டுக் கூலி வாங்கும் ஒரு தாய், அரை வயிறு உண்டு மகனை ஐ.டி.ஐ. படிக்க வைக்கிறாள். அவன் ஃபிட்டர் பரீட்சை தேறி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஆலைக்குள் நுழைகிறான். “பிள்ளைக்குக் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது” என்று அவள் தெருவெல்லாம் சொல்கிறாள். சட்டம் என்ன சொல்கிறது? அவன் தொழிலாளியே அல்ல என்கிறது!

1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-ஆவது பிரிவு அப்படித்தான் கூறுகிறது. ஆனாலும் 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் தொழிலாளி என்றால் “அப்ரண்டிஸ் உட்பட” என்றிருந்தது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்போ “அப்ரண்டிஸ் நீங்கலாக” என்கிறது. “உட்பட” போய் “நீங்கலாக” வந்தது. முதலாளிகள் கேட்டது கிடைத்தது!

தொழில் கற்பதை நாம் எதிர்க்கவில்லை. லேத்தில் கடைவதைப் புத்தகத்தில் மட்டும் கற்க முடியாது. கைதேர்ந்தவர் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். நாமும் அப்படிக் கற்றவர்களே. ஆனால் சில மாதங்களிலேயே தனியாக மிஷின் ஓட்டுகிறவன், மீதி மாதங்களில் எதைக் கற்கிறான்? ஓய்வு பெற்றவரின் இடத்தில் அவனை நிறுத்தி உற்பத்தி எடுப்பது பயிற்சியா, மலிவு உழைப்பா?

2019-இல் திருத்திய விதிகள் மாத உதவித்தொகைக்குக் குறைந்தபட்சமாக ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை வகுத்தன. அதிலும் கால் பங்கை, ரூ.1,500 வரை, சர்க்காரே ஏற்கும் திட்டம் 2016-இல் வந்தது. சட்டத்தை மீறிய முதலாளிக்கு முன்பு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை இருந்தது. 2014-இல் அதையும் எடுத்துவிட்டு அபராதம் மட்டும் வைத்தார்கள்.

இருக்கிற உரிமையையாவது விடாதீர்கள். ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். நகலைக் கையில் வைத்திருங்கள். அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. விபத்தில் காயம்பட்டால் தொழிலாளிக்கு உள்ளதுபோல் நஷ்டஈடு உண்டு. பயிற்சி முடித்தவனுக்கு, மற்றத் தகுதிகள் சமமானால், வேலையில் முன்னுரிமை தர வேண்டும் என்று 1995-இலேயே சுப்ரீம் கோர்ட் கூறியிருக்கிறது.

நிரந்தரத் தொழிலாளத் தோழர்களே! “அவன் அப்ரண்டிஸ்தானே” என்று ஒதுங்காதீர்கள். இன்று அவனை மலிவாக வைத்திருக்கும் முதலாளி, நாளை உங்கள் கூலி உயர்வுக் கோரிக்கையின்போது அவனைத்தான் காட்டுவான். தொழிலைக் கற்றுக் கொடுங்கள். அதோடு சங்கத்தையும் கற்றுக் கொடுங்கள். நமது கோரிக்கைப் பட்டியலில் அவன் கோரிக்கையும் ஏறட்டும்: செய்யும் வேலைக்கு உரிய கூலி! பயிற்சி முடிந்தால் வேலை! சட்டத்தில் மீண்டும் “அப்ரண்டிஸ் உட்பட”!

வயலில் நிற்கும் தாயும் ஆலையில் நிற்கும் மகனும் ஒரே வர்க்கம். ஒன்றுபடுவோம், வெல்வோம்!