பகைவர்க்குச் செய்த உதவி



இடுக்கண் உற்ற அயல்நாட்டார்க்கு ஒரு தேசத்தின் அரசாங்கமும் குடிகளும் உதவுதல் உலகிற் புதிதன்று. உதவி பெறுவோர் நெடுநாட் பகைவராயின், அதன் பெருமை வேறாம். இதற்குக் கிரேக்கரையும் துருக்கியரையும் சான்றாகக் காட்டப் புகுகின்றோம்.

ஈஜியன் கடலின் இருகரையினரான இவர்களின் பகையை, 1922-ல் முடிந்த யுத்தமும், 1974-ல் பிளவுண்ட சைப்பிரஸ் தீவும் வளர்த்தன. 1996-ல் குடியிருப்பாரில்லாத இரண்டு பாறைத் தீவுகளின் பொருட்டு இருவர் கடற்படைகளும் எதிரெதிர் நின்றன.

1999 ஆகஸ்டு 17 வைகறையில், துருக்கியின் இஸ்மித் நகர்ப்புறத்தைப் பூகம்பம் அழித்தது; மாண்டோர் 17,000-க்கு மேற்பட்டனர். முதலில் ஓடிவந்தோருள் கிரேக்கரும் இருந்தனர். அரசாங்கம் மீட்புப் படையினரையும் தீயணைக்கும் விமானங்களையும் அனுப்பிற்று. குடிகளோ ஏவுவாரின்றியே பொருள் திரட்டினர், இரத்தமும் அளித்தனர்.

மூன்று வாரங் கழித்து, செப்டம்பர் 7-ல் ஆதென்ஸ் நகர் அதிர்ந்தது. 143 பேர் இறந்தனர். தம் ஊர் இடிபாடுகளில் உழைத்துக் களைத்த துருக்கியர், ஆதென்ஸுக்கு விரைந்தனர்.

இதற்கு முன்னும் ஓர் உதவி உண்டு. 1941-ல் அந்நியப் படைகளின் பிடியிற் சிக்கிப் பஞ்சத்தால் வாடிய கிரேக்கர்க்குத் துருக்கியிலிருந்து 'குர்துலுஷ்' என்னுங் கப்பல் உணவு சுமந்து சென்றது. 1942 ஜனவரியில் அது மர்மராக் கடலில் மூழ்கியபின், வேறு கப்பல்கள் அப்பணியைத் தொடர்ந்தன.

"இவற்றாற் பகை தீர்ந்ததோ?" எனச் சிலர் வினவலாம். தீர்ந்திலது, சைப்பிரஸ் இன்னும் பிளவுண்டே கிடக்கின்றது. ஆயினும், வெளிநாட்டு மந்திரிகளான பாபன்ட்ரேயுவும் ஜெம்மும் பூகம்பத்திற்கு முன்னரே தொடங்கியிருந்த சமாதானப் பேச்சிற்குக் குடிகளின் இரக்கம் வலிவு தந்தது. அவ்வாண்டு டிசம்பரில், துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தின் வேட்பு நாடாதற்கு அதுகாறும் தடைநின்ற கிரேக்க அரசு இசைந்தது. 2023 பிப்ரவரியில் துருக்கி மீண்டும் நிலநடுக்கத்தால் நைந்தபோது, கிரேக்க மீட்பாளர் மீண்டும் வந்தனர்.

அரசாங்கத்தின் உதவியில் இராஜதந்திரம் கலந்திருத்தல் கூடும். குடிகள் கொடுத்த இரத்தத்தில் அது கலந்திருக்க இடமில்லை. அரசர் செல்லத் தயங்கிய வழியைக் குடிகளே திறந்தனர்.

அன்பர்களே! நிதி திரட்டப் புறப்படுங்கால், "அவர் நம்மவரோ?" என்னும் வினா நம் நாவிலும் எழுவதுண்டு. இடிபாட்டின் அடியிலிருந்து வருங் குரல் இன்னாருடையதென்று இஸ்மித்திலும் ஆதென்ஸிலும் எவரும் ஆராய்ந்திலர். குரல் கேட்டது, கல்லைப் பெயர்த்தனர். நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும் என்பதே யாம் கூறவந்தது.