நிறமற்ற வித்தியை நோக்கும் கலை

கடையில் வெள்ளை வெளேரென்று அடுக்கி வைத்திருக்கும் மொட்டுக் காளான்களில் நன்றாக விரிந்த ஒன்றைத் தேடி எடுக்க வேண்டும். மூடிய மொட்டு இதற்கு ஆகாது. குடைக்கு அடியிலுள்ள சவ்வு கிழிந்து செவுள்கள் வெளியே தெரிய வேண்டும். காம்பை அறுத்துவிட்டு, செவுள் தாளைத் தொடும்படி குடையை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, மேலே ஒரு கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க விட்டுவிட்டால், காலையில் தாளில் நடுவிலிருந்து விரியும் கோடுகளாக ஒரு தூள் படிந்திருக்கும். காளான் வெள்ளை. தூளோ ஆழ்ந்த பழுப்பு.

அந்தத் தூள்தான் வித்தி. பாடப்புத்தகங்கள் ஸ்போர் என்று சொல்வதும் இதைத்தான். இந்தக் காளான் இனம் முன்பு பழுப்புக் குடையோடுதான் விளைந்துகொண்டிருந்தது. 1926இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைப் பாத்தியில் வெள்ளைக் குடைகள் தற்செயலாகத் தலைகாட்டின. அவற்றைப் பிரித்தெடுத்துப் பெருக்கியதன் வழிவந்தவையே இன்று உலகமெங்கும் விற்பனையாகும் வெள்ளை மொட்டுக் காளான்கள். குடையின் நிறம் போயிற்று, வித்தியின் நிறம் போகவில்லை. இரண்டும் தனித்தனிக் கணக்கு. குடை வெளுத்த காளானைப் பார்த்ததும் ‘அல்பினோ’ என்று கொண்டாடுகிறவர்கள் பலர். வித்தியே நிறமிழந்ததா என்று கேட்பவர்கள் சிலர். நேயர்களே, இந்த உரை அந்தச் சிலரின் வேலையைப் பற்றியது.

காளானுக்கு வித்தி உண்டு என்பதே நெடுங்காலம் ஐயத்தில் இருந்தது. இத்தாலியின் பியர் அந்தோனியோ மிக்கேலி 1729இல் வெளியிட்ட நூலில், வித்திகளை நுண்ணோக்கியில் கண்டதையும், வெட்டிய முலாம்பழத்தின் மேல் அவற்றைத் தூவிப் பூஞ்சை வளர்த்ததையும் எழுதினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1821 முதல் ஸ்வீடனின் எலியாஸ் ஃப்ரீஸ் செவுள் காளான்களை வித்தித்தூளின் நிறத்தை வைத்தே வகை பிரித்தார். வெள்ளை, இளஞ்சிவப்பு, பழுப்பு, கருப்பு என்ற அந்தப் பிரிவு இன்றும் களத்தில் முதல் கேள்வியாக நிற்கிறது.

தூளாகப் பார்க்கும்போது கிடைக்கும் நிறத்தை நம்பி நுண்ணோக்கிக்கு வருகிறவருக்கு அங்கே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. வெள்ளைத் தூளில் ஒரு துளி எடுத்து நீரில் கரைத்து, கண்ணாடிச் சில்லில் வைத்து, மூடுவில்லை இட்டுப் பார்த்தால் வெள்ளையாக எதுவுமே தெரியாது. சீனிக் குவியல் வெள்ளையாகவும் ஒற்றைப் பரல் தெளிந்தும் இருப்பதைப் போலத்தான் இதுவும்: தனி வித்தி கண்ணாடித் தெளிவு. சுற்றிலும் நீர், உள்ளேயும் ஒளி ஊடுருவும் பொருள். விளிம்பு மட்டும் மங்கலாகப் படும். பல வித்திகளின் நீளம் 5 முதல் 10 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் நூற்றுக்கு மேல் வரிசையாக நிற்கும். ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.2 மைக்ரான் என்பதால், வித்தியின் மேலுள்ள முள்ளும் வரியும் அந்த எல்லையின் ஓரத்திலேயே கிடக்கின்றன.

ஆகவே நிறமற்றதைப் பார்ப்பதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். முதல் வேலை, வெளிச்சத்தைக் கூட்டாமல் குறைப்பது. மேடைக்குக் கீழுள்ள துளைத்தட்டைச் சற்று மூடினால் விளிம்புகள் எழுந்து நிற்கும்; அளவுக்கு மீறி மூடினால் இல்லாத கோடுகளும் முளைக்கும். அதற்கடுத்து, லென்ஸுக்கும் மூடுவில்லைக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் இட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ். காங்கோ சிவப்பு, பருத்தி நீலம் முதலிய சாயங்கள் சுவரையோ உள்ளடக்கத்தையோ எடுத்துக் காட்டும். சாயமே இல்லாமல் காண வழி தந்தவர் நெதர்லாந்தின் ஃப்ரிட்ஸ் ஸெர்னிகே. தெளிந்த பொருளுக்குள் ஒளி சற்றுப் பின்தங்குவதையே வெளிச்ச வேறுபாடாக மாற்றிக்காட்டும் அவருடைய முறைக்கு 1953இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

இவற்றில் மிக அழகானது அயோடின் சோதனை என்று சொல்லலாம். செக் நாட்டுக் காளானியல் அறிஞர் வாட்ஸ்லாவ் மெல்ஸர், 1924இல் ருசுலா இனக் காளான்களின் வித்தி அலங்காரத்தை ஆராய்ந்தபோது பயன்படுத்திய கரைசல் அவர் பெயராலேயே வழங்குகிறது. நீரில் வெறும் உருண்டையாகத் தெரியும் ருசுலா வித்தி, மெல்ஸர் கரைசலில் விழுந்ததும் தன் முட்களையும் வலைப்பின்னலையும் கருநீலத்தில் காட்டிவிடும். கொடிய நஞ்சுள்ள அமானிட்டா ஃபல்லாய்டீஸின் நிறமற்ற வித்தியும் இதில் நீலம் பாரிக்கும். 1983இல் நடராஜனும் ராமனும் எழுதிய தென்னிந்திய அகாரிகேல்ஸ் நூலாகட்டும், 1986இல் டேவிட் பெக்லர் இலங்கைக் காளான்கள் பற்றி எழுதிய பெருநூலாகட்டும், வித்தியின் அளவும் வடிவும் இல்லாமல் அவற்றின் பக்கங்கள் நகராது.

இதுவரை சொன்னது இயல்பிலேயே நிறமற்ற வித்திகளைப் பற்றி. கரிய வித்தி தரும் இனத்தில் ஒன்று மட்டும் வெளுத்துப் பிறந்தால் கதை வேறு.

அப்படி ஒன்று கண்ணில் பட்டவுடன் அல்பினோ என்று எழுதிவிடக் கூடாது. இந்தப் பயிற்சியில் கண்டிப்பு வேண்டிய இடம் இதுதான். வித்தி வெளுத்திருப்பதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. முதிராத வித்தி வெளுத்திருக்கும். உள்ளே ஒன்றுமில்லாத செத்த வித்தியும் வெளுத்திருக்கும். நிறமி உண்டாக்கும் மரபணுவில் திடீர் மாற்றம் நேர்ந்த வித்தி மூன்றாவது. முதலிரண்டும் ஏராளம், மூன்றாவது அபூர்வம். செவுளிலிருந்து சுரண்டி எடுத்ததைக் காட்டிலும் தானாக உதிர்ந்து தாளில் படிந்த தூளே நம்பத்தக்கது. உதிர்ந்தது பெரும்பாலும் முதிர்ந்ததாக இருக்கும். வெளுத்த வித்தி முளைத்து, அடுத்த தலைமுறையிலும் வெளுத்த வித்தியே வந்தால்தான் வழக்கு முடிந்தது.

கனடாவின் வின்னிபெக்கில் பணியாற்றிய ரெஜினால்ட் புல்லர், 1909இல் வெளிவந்த நூலில், ஒரே வயல் காளானிலிருந்து சுமார் 180 கோடி வித்திகள் விழுந்ததாகக் கணக்கிட்டார். அத்தனை கோடியில் மாறிப்போனது ஏதேனும் இருக்கத்தான் செய்யும். தேடிப் பிடிப்பதுதான் பாடு. மொட்டுக் காளானில் இன்னொரு தடையும் உண்டு. அதன் பெரும்பாலான வித்திகளுக்குள் இரண்டு உட்கருக்கள் இருக்கின்றன. ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடக்கூடும்.

நிறமிழப்பதால் வித்திக்கு என்ன நட்டம்? கரிய, பழுப்பு நிறங்களில் பலவும் மெலனின் வகையைச் சேர்ந்தவை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது அவற்றின் வேலைகளில் ஒன்று. காளான் அல்லாத ஒரு பூஞ்சையில் இது துல்லியமாகத் தெரிந்தது. நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸின் வித்திகள் சாம்பல் கலந்த பச்சை. 1997இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அதில் வெள்ளை வித்தி தரும் வகையொன்றை விவரித்தார்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் மேற்பரப்பு முள்ளின்றி வழவழப்பாக இருந்தது; எலிகளில் அதன் கொடுமையும் குறைந்திருந்தது. நிறத்தோடு கவசமும் போயிருந்தது.

ஆனால் வெளுத்த வித்தி அறிவியலுக்குக் கொடுத்த பெருங்கொடை இதைவிட ஆழமானது. அது கிடைத்த இடம் சாணம்.

சாணத்தில் வளரும் சோர்டேரியா, ஆஸ்கோபோலஸ் என்ற பூஞ்சைகள் வித்திகளை ஒரு பைக்கு எட்டாக உண்டாக்குகின்றன. குன்றல் பகுப்பில் நான்கு உட்கருக்கள் வரும். ஒவ்வொன்றும் மீண்டும் ஒருமுறை இரண்டாகும். எனவே எட்டும் நான்கு இரட்டைகள். கரிய வித்தி வகையையும் வெளுத்த வித்தி வகையையும் கலந்தால், மெண்டல் கணக்குப்படி ஒவ்வொரு பையிலும் நான்கு கருப்பு, நான்கு வெளுப்பு. சோர்டேரியாவின் பை ஒடுங்கிய குழல் என்பதால் எட்டும் பிறந்த வரிசையிலேயே நிற்கின்றன. மரபணுக்கள் பிரிவதைப் பெரும்பாலான உயிர்களில் எண்ணிக்கையால் ஊகிக்கத்தான் முடியும். இங்கே சாதாரணக் கல்லூரி நுண்ணோக்கியில் அது வரிசையாகக் கண்முன் நிற்கிறது.

1959இல் அமெரிக்காவின் லிண்ட்சே ஆலிவ், சோர்டேரியாவின் சாம்பல் நிற வித்தி வகையைக் கலந்து எண்ணியபோது கணக்குத் தப்பிய பைகள் சில அகப்பட்டன. ஆறுக்கு இரண்டு இருந்தது. ஐந்துக்கு மூன்றும் இருந்தது. ஐந்துக்கு மூன்று என்றால், ஒரே உட்கரு பிளந்து வந்த இரட்டையில் ஒன்று கருப்பு, ஒன்று சாம்பல். அது எப்படி ஆகும்? பிளப்பதற்கு முன்பே அந்த உட்கருவின் டிஎன்ஏயில் இரண்டு இழைகளும் வெவ்வேறு செய்தியைச் சுமந்திருந்தால்தான் ஆகும்.

இதே சமயத்தில் பிரான்ஸில் ஜார்ஜ் ரிஸேயின் குழு, ஆஸ்கோபோலஸின் வெள்ளை வித்திகளை வைத்து ஒரு மரபணுவின் உள்ளமைப்பையே அளந்துகொண்டிருந்தது. ஆஸ்கோபோலஸின் வித்தி பெரியது, 60 மைக்ரான் அளவு. எட்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெறிக்கும். மேலே ஒரு கண்ணாடியை வைத்துப் பிடித்துவிட்டால் குறைந்த உருப்பெருக்கத்திலேயே ஆயிரக்கணக்கில் எண்ணலாம். அந்தக் குழுவில் எண்ணியவர்களுள் ஒருவர் பாஸ்கல் லிசூபா. 1963இல் காங்கோ பிரஸ்ஸாவில் நாட்டின் பிரதமரானவர், 1992இல் அதன் அதிபரானவர், இவரேதான்.

தப்பிய கணக்குகளுக்கெல்லாம் விடையாக 1964இல் மரபியல் அறிஞர் ராபின் ஹாலிடே ஒரு மாதிரியை முன்வைத்தார். இரண்டு டிஎன்ஏக்கள் இழை மாற்றிக்கொள்ளும்போது கலப்புப் பகுதி ஒன்று உண்டாகிறது. செல் அதைச் சரிசெய்தால் ஆறுக்கு இரண்டு, விட்டுவிட்டால் ஐந்துக்கு மூன்று. அந்த இழைக் குறுக்கீடு இன்று பாடநூல்களில் ஹாலிடே சந்திப்பு. மார்பகப் புற்றுநோயோடு பேசப்படும் பிஆர்சிஏ2 மரபணு மனித உடலில் செய்வதும் இழை பரிமாறிப் பழுதுபார்க்கும் வேலைதான். நிறமிழந்த சில வித்திகளைப் பிழை என்று ஒதுக்காமல் எண்ணியவர்களின் பொறுமைக்கு இதைவிடப் பெரிய மதிப்பீடு தேவையில்லை.

இதைத் தொடங்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஸ்டான்ஃபோர்டின் மனு பிரகாஷ் 2014இல் அறிமுகம் செய்த மடக்கு காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப் சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். ஆஸ்கோபோலஸுக்கு அது போதும். மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் ஈரமான வடிதாளை விரித்து, அதன்மேல் மாட்டுச் சாணத்தையோ குதிரைச் சாணத்தையோ வைத்து, வெளிச்சம் படும் இடத்தில் விட வேண்டும். முதல் வாரத்தில் பெரும்பாலும் பைலோபோலஸ் என்ற வேறொரு சாணப் பூஞ்சை தலைகாட்டும். ஆஸ்கோபோலஸுக்கு இரண்டு, மூன்று வாரம் பொறுக்க வேண்டும். அதன் பைகள் வெளிச்சத்தை நோக்கி வளைந்தே வித்தியைத் தெறிக்கும் என்பதால், கண்ணாடிச் சில்லைச் சன்னல் பக்கமாக வைப்பது நல்லது.