முந்திரித் தோப்பு காடா?

விருத்தாசலம்னா பீங்கான் பொம்மைதான் ஞாபகம் வரும். நான் இன்னைக்குப் பேசப்போறது அந்த ஊரைச் சுத்தியிருக்கிற முந்திரித் தோப்புகளைப் பத்தி. அது காடா, இல்லையா?

2001-ல டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஆய்வாளர்கள் உலக நிலப்பரப்பை 867 சூழல் மண்டலங்களாகப் பிரிச்சாங்க. மனுஷன் பெருசா மாத்துறதுக்கு முன்னாடி எங்க என்ன இருந்திருக்கும்ங்கிறதுதான் அதோட அடிப்படை. கடலூர் மாவட்டம் உள்ளிட்ட சோழமண்டலக் கரைக்கு அதுல பேரு, ‘கிழக்குத் தக்காண உலர் பசுமைமாறாக் காடு’. வீரை, காயா, உலக்கைப்பாலை மாதிரி மரங்களோட காடு அது. இப்போ பெரும்பாலும் கோயில் காடுகள்லதான் மிச்சம் இருக்கு.

இன்னொரு வரைபடம், இந்திய வன ஆய்வு நிறுவனத்தோடது. அது செயற்கைக்கோள் படத்தை வச்சு இன்னைக்கு இருக்கிறதைக் கணக்கெடுக்குது. குறைஞ்சது 1 ஹெக்டேர் பரப்பு, 10 சதவீத மரக்கவிகை இருந்தா அது ‘காட்டுப் பரப்பு’. என்ன மரம், யார் நிலம்னு பார்க்கிறதில்லை.

அப்போ பிரேசில்லேருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்த முந்திரியும் காட்டுக் கணக்குல சேருது. 1 ஹெக்டேருக்குக் குறைஞ்ச கோயில் காடு சேராது. ‘மரப் பரப்பு’ன்னு தனியா போயிடும்.

முந்திரி பல குடும்பங்களுக்குச் சோறு போடுது, அது மேல எனக்குக் கோபமில்லை. ஆனா வீரையை வெட்டிட்டு முந்திரி வச்சாலும், அது வளர்ந்ததும் கணக்கு சரியாயிடும். போன காடு போனதுதான்.

‘காட்டுப் பரப்பு கூடியிருக்கு’ன்னு அடுத்த தடவை செய்தி பார்த்தா, ‘எந்தக் காடு?’ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.