இரண்டாவது அம்பை யார் மீது எய்கிறோம்?

(புத்த பூர்ணிமா நாளில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்றாட வாழ்க்கைச் சிக்கல்களுக்கு பௌத்தம் எப்படிப் பயன்படும் என்று பேசச் சொன்னார்கள். நான் பிக்கு அல்ல. பாலி மொழி படித்தவனும் அல்ல. அலுவலகத்தில் கோப்பு பார்த்துப் பிழைக்கிறவன். ஆகவே பெரிய தத்துவம் எதற்கும் போகாமல், நான் வெட்கப்படுகிற ஒரு நாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தோம். ஒரு வீடு பிடித்திருந்தது. மகனின் பள்ளிக்குப் பக்கம், தண்ணீர் வசதி உண்டு, வாடகையும் கட்டுப்படியாகும். அட்வான்ஸ் எவ்வளவு என்பதுகூடப் பேசி முடித்தாயிற்று. கிளம்புகிற நேரத்தில் வீட்டுக்கார அம்மா கேட்டார்: "சொந்த ஊர் எதுங்க?" சொன்னேன். "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" அதற்கும் சொன்னேன். "கறி மீன் சமைப்பீங்களா?" சமைப்போம் என்றேன். சரி, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார். அன்று மாலையே புரோக்கர் போன் செய்தார். அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் வருகிறாராம், வீடு அவருக்காம். அடுத்த மாதம் வரை அந்த வீட்டு வாசலில் 'டூ லெட்' பலகை தொங்கியது. நான்தான் தினமும் அந்த வழியாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேனே.

இந்த அறையில் இருக்கிற பெரும்பாலோருக்கு இந்தக் கதை புதிதல்ல. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. புரோக்கர் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தேன். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. டிவியைச் சத்தமாக வைத்திருந்தான். ஓங்கி ஒரு அறை விட்டேன். அதுவரை அவனை நான் அடித்ததே இல்லை. அவன் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வீடு கிடைக்கலையாப்பா?" என்று கேட்டான்.

நாங்கள் அவனிடம் எதுவும் சொன்னதில்லை. ஆனால் எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றி ஒரு உரையில் சொல்கிறார். ஒருவன் மேல் ஒரு அம்பு பாய்கிறது, வலிக்கிறது. அந்த வலியை எப்படி ஏற்பது என்று தெரியாதவன் புலம்பியும் கொதித்தும் தன் மேல் தானே இரண்டாவது அம்பையும் பாய்ச்சிக்கொள்கிறான். பயிற்சி பெற்றவனுக்கு முதல் அம்பின் வலி மட்டும்தான். இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நம் வீடுகளில் இரண்டாவது அம்பு நம்மோடு நிற்பதில்லை. அது மனைவி மேல் பாய்கிறது, பிள்ளை மேல் பாய்கிறது. ஆண்களாகிய நாம் தெருவில் வாங்கியதை வீட்டில் கொடுக்கிறோம். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் துணியாத நான், ஒன்பது வயதுப் பையனிடம் என் வீரத்தைக் காட்டினேன். சாதி அன்று என் கையைக் கொண்டே என் பிள்ளையை அடித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்த அம்புக் கதையை இப்போது பெரிய கம்பெனிகளில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' வகுப்பு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். துன்பம் உன் மனதில்தான் இருக்கிறது, மூச்சைக் கவனி, விட்டுவிடு என்கிறார்கள். முதல் அம்பை எய்தவனைப் பற்றிப் பேச்சே கிடையாது. நமக்கு அது ஆகாது. முதல் அம்பு கற்பனை அல்ல. அதை எய்த கை இருக்கிறது, அந்தக் கைக்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. அது நம் போன பிறவிக் கர்மாவும் அல்ல.

பாபாசாகேப் இந்த இடத்தில்தான் நமக்கு வழிகாட்டுகிறார். 1957இல், அவர் மறைந்த பிறகு வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையிலேயே நான்கு கேள்விகளை எழுப்புகிறார். அதில் ஒன்று நான்கு உண்மைகளைப் பற்றியது. வாழ்வே துன்பம், பிறப்பே துன்பம் என்றால் மனிதனுக்கு என்ன நம்பிக்கை மிஞ்சும் என்று கேட்கிறார். சித்தார்த்தர் ஏன் வீட்டை விட்டு வெளியேறினார் என்பதற்கும், முதியவரையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்துத் துறவு பூண்டார் என்கிற பழைய கதையை அவர் ஏற்கவில்லை. ரோகிணி ஆற்றுத் தண்ணீரைப் பங்கிடுவதில் சாக்கியர்களுக்கும் கோலியர்களுக்கும் வந்த தகராறில், போர் வேண்டாம் என்று நின்றதால்தான் அவர் வெளியேற நேர்ந்தது என்று எழுதுகிறார். தண்ணீர்ச் சண்டை! நம் ஊரில் இல்லாத சண்டையா? பாபாசாகேப் காட்டும் புத்தர் அன்றாடச் சிக்கல் ஒன்றிலிருந்துதான் புறப்படுகிறார்.

பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர் என்பது உங்களுக்குத் தெரியும். 1898இல் சென்னையில் பௌத்த சங்கம் கண்டவர், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியவர், நாடி பிடித்து மருந்து கொடுத்தவரும்கூட. நான்கு உண்மைகளை ஒரு வைத்தியர் பார்க்கிற மாதிரி பார்த்தால் நமக்கு எளிதாக இருக்கும். நோய் என்ன? நோய்க்குக் காரணம் என்ன? குணமாகுமா? மருந்து என்ன? இந்த நான்கு கேள்விகளையும் என் அறைக்கு நானே போட்டுப் பார்த்தேன்.

நோய் என்ன? வீடு மறுக்கப்பட்டது ஒன்று. பிள்ளையை அடித்தது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். குழப்பினால் இரண்டுக்கும் மருந்து கிடைக்காது.

காரணம் என்ன? முதலாவதற்குக் காரணம் சாதி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாவதற்குக் காரணம் சாதி மட்டும் என்று சொன்னால் அது பொய். நான் அவமானத்தை மறைத்ததுதான் காரணம். மனைவியிடம்கூடச் சொல்லாமல் உள்ளே வைத்துப் பூட்டினேன்.

குணமாகுமா? இரண்டாவது குணமாகும், அது என் கையில் இருக்கிறது. முதலாவது நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. நாளாகும்.

மருந்துக்கு வருகிறேன். நான் செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

இப்போதெல்லாம் இப்படி ஏதாவது நடந்தால் நேராக வீட்டுக்குள் போவதில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்துகிறேன். பத்து மூச்சு, அவ்வளவுதான். கோபத்தை அடக்குவதற்காக அல்ல. கோபம் யார் மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்காக. பிறகு வீட்டுக்குள் போய், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்: "இன்னைக்கு ஒருத்தர் என்கிட்ட இப்படி நடந்துக்கிட்டார்." சொல்லிவிட்டால் பாதி இறங்கிவிடுகிறது. ஐந்தாவது சீலத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அதை ஒழுக்கப் பாடமாக நம் மக்களிடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உடம்பு நோகிற வேலையை யார் தலையில் கட்டினார்கள் என்பதைப் பேசாமல் குடியைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமும் அல்ல. ஆனால் அன்று நான் குடித்துவிட்டு வந்திருந்தால் ஒரு அறையோடு நின்றிருக்காது. அது எனக்குத் தெரியும்.

இரண்டாவது மருந்து வாய்மை. பாரத்துவாசர் என்ற பிராமணர் புத்தரைக் கண்டபடி ஏசிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விருந்தாளிக்கு வைத்த உணவை அவர் உண்ணாவிட்டால் அது யாருக்குச் சேரும் என்று புத்தர் கேட்கிறார். எனக்கே என்கிறார் பிராமணர். அப்படியானால் உன் ஏச்சை நான் ஏற்கவில்லை, அது உனக்கே என்கிறார் புத்தர். இந்தக் கதையைச் சொல்லி நம்மை அமைதியாக இருக்கச் சொல்கிறார்கள். கதையைச் சரியாகப் படியுங்கள். புத்தர் அமைதியாக இல்லை. இது உன்னுடையது, நீயே வைத்துக்கொள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். ஏற்காமல் இருப்பது வேறு, பேசாமல் இருப்பது வேறு.

சில வாரம் கழித்து நான் அந்த வீட்டுக்குப் போனேன். மணியடித்தேன். "அம்மா, எங்க சாதிக்காகத்தான் வீடு இல்லைன்னு சொன்னீங்களா? ஆமான்னா ஆமான்னு சொல்லிடுங்க" என்றேன். குரலை உயர்த்தவில்லை. அவர் தடுமாறினார். "நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க, அக்கம்பக்கத்துல கேப்பாங்க" என்றார். "அப்ப இந்த வெட்கம் உங்களுடையதுதாம்மா, எங்களுடையது இல்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீடு கிடைக்கவில்லை. அவர் மனம் மாறினாரா என்பதும் தெரியாது. ஆனால் அன்று வீட்டுக்குள் நுழையும்போது என் கையில் எந்த அம்பும் இல்லை.

மூன்றாவது மருந்துதான் முக்கியம். அது சங்கம். நல்ல நட்பு என்பது அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் சொன்னபோது, பாதி அல்ல, முழுவதும் அதுதான் என்று புத்தர் திருத்தினார். மூச்சைக் கவனிப்பதைத் தனியாகச் செய்யலாம். முதல் அம்பைத் தனியாகத் தடுக்க முடியாது. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, சாலை ஆகிய இடங்களில் சாதிப் பாகுபாடு கூடாது என்று பெயர் சொல்லித் தடுக்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கேட்டுப் போராட வேண்டியது நம் வேலை. அதுவரை நம் வட்டத்தில் தொடங்கியதைத் தொடர்வோம். யார் வீடு தேடினாலும் கூட ஒருவர் போகிறோம். மறுத்தால் தேதியும் சொன்ன காரணமும் எழுதி வைக்கிறோம். நம்மில் சொந்த வீடு வைத்திருக்கிறவர்கள் வாடகைக்கு விடும்போது யாரிடமும் ஊர், தெரு கேட்பதில்லை. கடைசியாகச் சொன்னது நமக்கும் பாடம். நமக்குக் கீழே என்று நாம் நினைக்கிற ஒரு சாதிக்காரர் வீடு கேட்டு வந்தால் நம் நாக்கும் அதே கேள்வியைக் கேட்கத் துடிக்கிறதா இல்லையா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாபாசாகேப்புக்கும் வீடு கிடைக்கவில்லை, தோழர்களே. 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்தவர், வேறு வழியில்லாமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். இரண்டு நண்பர்களிடம் கேட்டார், இருவரும் சாக்குச் சொன்னார்கள். இரவு ரயில் வரும்வரை பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதை எழுதும்போதும், நினைத்தால் கண்ணீர் வராமல் இருப்பதில்லை என்று எழுதினார். அந்தக் காயத்தை அவர் மறக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அதை எழுதினார். அது இன்னொருவருக்கு நேராமல் இருக்கச் சட்டம் எழுதினார். 39 ஆண்டுகள் கழித்து லட்சக்கணக்கான மக்களோடு தம்மத்துக்குள் நுழைந்தார். வலியை என்ன செய்வது என்பதற்கு இதைவிட வேறு பாடம் எனக்குத் தெரியாது.

மகனிடம் அன்று இரவே மன்னிப்புக் கேட்டேன். ஏன் அடித்தேன் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாம என்னப்பா தப்பு பண்ணோம்?" என்றான். நாம் எதுவும் செய்யவில்லை, நான் உன்னை அடித்ததுதான் தப்பு என்றேன். இப்போது அவனுக்குப் பதினொரு வயது. இப்போதிருக்கிற வீட்டின் ஒப்பந்தம் வருகிற ஆண்டு முடிகிறது, மறுபடியும் தேட வேண்டும். "இந்தத் தடவை நானும் கூட வரேன்" என்று சொல்லியிருக்கிறான். அவனை அழைத்துப் போவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. உங்கள் கருத்தைக் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள்.

நமோ புத்தாய. ஜெய்பீம்.