ஏரிக்கரையில் யாருக்கு வாக்கு?

நான் மேரிலாந்தில ஒரு ஏரிக்கரைக் குடியிருப்பில வாடகைக்கு இருக்கிறன். ஏரி, வீட்டுச் சொந்தக்காரரின்ர சங்கத்துக்குச் சொந்தம். சம்பளமில்லாத ஐந்து பேர்தான் நிர்வாகம். நல்ல மனிசர், கரை துப்புரவாக்க நானும் அவையோட போறனான். ஆனால் எங்களுக்கு வாக்கில்லை. சங்கச் சந்தாவை வாடகையோட சேர்த்து நாங்களும்தான் கட்டுறம்.

கூட்டத்தில கேட்டன். "விதி அப்படி" எண்டினம்.

கறுப்பின மக்களுக்கு விற்கக்கூடாது எண்டும் வீட்டுப் பத்திரங்களில விதி இருந்தது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதை நீதிமன்றங்கள் நிறைவேற்றக்கூடாது என்றது. 1968இல் வீட்டுவசதிப் பாகுபாட்டையே சட்டம் தடைசெய்தது. ஆட்கள் வழக்காடி, தெருவில இறங்கினபடியால்தான் மாறினது.

அடுத்த கூட்டத்துக்கு வாடகைக்காரர் ஏழு பேராப் போறம். உங்கட கட்டடத்தில யாருக்கு வாக்கில்லை எண்டு பாருங்கோ.