அடுப்புக்கு எந்த வயர்?

(மீளக்குடியமரும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்றைக்கு வயரைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன். வீட்டு உதவித் தொகை பகுதி பகுதியாகத்தான் கைக்கு வருகிறது. அத்திவாரம், சுவர், கூரை என்று செலவழித்து முடிய, வயரிங் வேலைக்கு மிஞ்சுவது கொஞ்சக் காசு. அப்போதுதான் "மெல்லிய வயர் போதும், லைட் எரிந்தால் சரி" என்று முடிவெடுக்கிறோம். லைட்டுக்கு அது போதும். நாளைக்கு அதே வயரில் கரன்ட் அடுப்பைக் கொழுவினால் போதாது. அதற்குள் வயரைச் சுவருக்குள் வைத்துப் பூசியும் முடித்திருப்போம்.

நான் சொல்லும் மற்றதெல்லாம் மறந்து போனாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்: அடுப்பைப் பார்த்து வயரை எடுங்கள், வயரைப் பார்த்து பிரேக்கரைப் போடுங்கள்.

முதலில் அடுப்பைப் பார்ப்போம். அதன் அடியிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் வாற்று அளவு இருக்கும். எங்கள் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. வாற்றை 230ஆல் பிரித்தால் அந்த அடுப்பு எத்தனை அம்பியர் இழுக்கும் என்பது தெரியும். ஒற்றைத் தட்டு ஹொட் பிளேட் 1000 வாற்று என்றால் 4 அம்பியரைச் சற்றுத் தாண்டும். இரட்டைத் தட்டு 2500 வாற்று என்றால் ஏறக்குறைய 11 அம்பியர். நான்கு தட்டுள்ள பெரிய அடுப்பு 7000 வாற்று என்றால் 30 அம்பியருக்கு மேல். இந்தக் கணக்கை ஓ.எல். படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் செய்து தரும்.

அடுத்தது வயர். ஹாட்வெயார் கடையில் வயருக்கு இரண்டு விதமாக அளவு சொல்வார்கள். 1/1.13 என்பது 1 சதுர மில்லிமீற்றர். அது லைட்டுக்கு உரியது. 7/0.67 என்பது 2.5 சதுர மில்லிமீற்றர். அது பிளக் பொயின்டுக்கு உரியது. 7/1.04 என்பது 6 சதுர மில்லிமீற்றர். அது பெரிய அடுப்புக்கு உரியது. முதல் இலக்கம் உள்ளே எத்தனை செம்புக் கம்பி என்பதைச் சொல்லும். இரண்டாவது, ஒரு கம்பி எத்தனை மில்லிமீற்றர் விட்டம் என்பதைச் சொல்லும். எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

3000 வாற்று வரையான அடுப்புக்கு மெயின் போர்டிலிருந்து தனியாக ஒரு 2.5 வயர் இழுத்து, 20 அம்பியர் பிரேக்கர் போட்டு, 13 அம்பியர் சதுர முள் பிளக் பொயின்ட் வைத்தால் போதும். கேத்தில், அயன் எல்லாவற்றையும் அதே பொயின்டில் அடப்டர் போட்டுக் கொழுவ வேண்டாம். எக்ஸ்ரென்ஷன் கோட்டில் அடுப்பைப் போடவே வேண்டாம்.

நான்கு தட்டு அடுப்புக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயரும், 32 அம்பியர் பிரேக்கரும், சுவரில் தனிச் சுவிச்சும் வேண்டும். அந்தச் சுவிச்சை அடுப்புக்கு நேர் மேலே வைக்காமல், கை எட்டக்கூடிய பக்கச் சுவரில் வையுங்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். சாதாரண வீட்டு இணைப்பு 30 அம்பியர்தான். அடுப்பு ஒன்றே அதை முழுவதும் விழுங்கிவிட்டால் தண்ணீர் மோட்டரைப் போட முடியாது. 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டுக்கு இரட்டைத் தட்டு அடுப்புத்தான் பொருத்தம். பெரியதுதான் வேண்டும் என்றால், அடுப்பை வாங்க முன் மின்சார அலுவலகத்தில் இணைப்பைக் கூட்டித் தருவார்களா என்று கேளுங்கள்.

இனி பிரேக்கருக்கு வருவோம். அது அடிக்கடி விழுந்தால் சிலர் கழற்றிவிட்டுப் பெரியது போடுகிறார்கள். பிரேக்கர் காப்பது அடுப்பை அல்ல, வயரை. மெல்லிய வயருக்குப் பெரிய பிரேக்கர் போட்டால், வயர் சூடேறி உருகினாலும் அது விழாது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். பிரேக்கர் விழுந்தால் பொருளைக் குறையுங்கள், அல்லது வயரை மாற்றுங்கள்.

"ட்ரிப் சுவிச் இருக்குத்தானே, பிறகென்ன பயம்?" என்று கேட்பீர்கள். ட்ரிப் சுவிச் கரன்ட் ஒழுகும்போது விழுந்து ஆளைக் காப்பாற்றும். அளவுக்கு மேல் சுமை ஏறி வயர் சூடாவது அதற்குத் தெரியாது. ஆகவே இரண்டும் வேண்டும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் போடுங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள ரெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள். உலோக உடல் கொண்ட அடுப்புக்குப் புவிக்கம்பி கட்டாயம். எங்கள் பக்கத்து வரண்ட மணலில் புவித்தொடுப்புப் பலவீனமாக இருக்கக்கூடும். அதனால் வேலை முடிந்ததும் அதை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

வயர் போகும் பாதையும் முக்கியம். தகரத்துக்குக் கீழே ஒட்டியபடி வயர் இழுக்க வேண்டாம். அங்கே வெப்பம் 50 பாகையைத் தொட்டால், சாதாரண பி.வி.சி. வயர் தாங்கும் அளவு நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். சுவரோடு குழாய்க்குள் கொண்டுபோங்கள். கிடுகு அல்லது ஓலைக் கொட்டிலில் இன்னும் இருப்பவர்கள் அதற்குள் கரன்ட் அடுப்பை வைக்கவே வேண்டாம். குசினி வளவில் தள்ளி இருந்தால் வயர் நீளத்தில் மின்னழுத்தமும் குறையும். 2500 வாற்று அடுப்புக்கு 25 மீற்றர் தூரத்தில் 2.5 வயரில் ஏறக்குறைய 5 வோல்ற்று குறையும். 1 வயரில் 12 வோல்ற்று குறையும். இடையில் ரேப் சுற்றிய மூட்டு இல்லாமல் ஒரே நீள வயராகப் போடுங்கள்.

பழைய வயரைப் பற்றியும் ஒரு சொல். இடிந்த சுவரிலிருந்து இழுத்தெடுத்த வயரில் செம்பு நன்றாக இருக்கலாம். மேலுறை வெயிலிலும் மழையிலும் வெடித்திருக்கும். அதை அடுப்புக்குப் பாவிக்க வேண்டாம். நிறத்திலும் கவனம் தேவை. பழைய வயரிங்கில் உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமல் கறுப்பு, புவி பச்சை. புதியதில் உயிர்க்கம்பி மண்ணிறம், நொதுமல் நீலம், புவி பச்சை மஞ்சள். இரண்டும் கலந்த வீட்டில் நிறத்தை நம்பாமல் சோதித்த பிறகே தொட வேண்டும்.

புவிக்கம்பிக்கான கோலை நிலத்துக்குள் ஆழமாக இறக்க வேண்டியிருக்கும். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணி என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிசெய்யாமல் நிலத்தைத் தோண்ட வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் போய் அறிவியுங்கள்.

வயரிங் வேலையை நீங்களே செய்யச் சொல்லவில்லை. தொழிற் தகைமைச் சான்றிதழ் உள்ளவரைப் பிடியுங்கள். அவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்:

1. இந்த அடுப்பு எத்தனை அம்பியர் இழுக்கும்?
2. அதற்கு எந்த அளவு வயர் போடுகிறீர்கள்?
3. அந்த வயருக்கு எத்தனை அம்பியர் பிரேக்கர்?
4. புவித்தொடுப்பையும் ட்ரிப் சுவிச்சையும் சோதித்துக் காட்டுவீர்களா?

தெரிந்தவர் தயங்காமல் பதில் சொல்வார். பதிலை ஒரு கொப்பியில் எழுதி, மெயின் போர்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். அடுத்த முறை ஏதாவது மாற்ற வரும் ஆளுக்கு அது உதவும்.

இப்போதைக்கு அடுப்பு வாங்கக் காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. விறகடுப்பிலேயே சமைக்கலாம். ஆனால் சுவர் பூச முன் குசினிக்கு ஒரு தனி 2.5 வயரை இழுத்துவிடுங்கள். பிறகு சுவரை உடைத்து வயரை மாற்றும் செலவு மிச்சம். ஒருமுறை வீட்டை இழந்தவர்கள் நீங்கள். மறுபடி கட்டிய வீடு ஒரு வயரால் எரியக் கூடாது.

கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம்.