எச்சரிக்கை மட்டும் போதாது



கொஸ்லந்தை மீரியபெத்தையை நாம் மறக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, நம்மவர்கள் போய்க் குடியிருக்க வேறு வீடு இருக்கவில்லை.

இன்று அந்த நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பிள்ளைகளின் போனிலேயே பார்க்கலாம். மஞ்சள் என்றால் விழிப்பாக இருப்போம். செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயாராவோம். சிவப்பு என்றால் உடனே வெளியேறுவோம்.

சிக்னல் இல்லாத தோட்டத்தில் என்ன செய்வது? பக்கம் நேரான வெறும் பேணியொன்றை வெட்டவெளியில் வைத்து, விழுந்த மழையைப் பிள்ளையின் அடிமட்டத்தால் அளப்போம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது ஏழரை சென்ரிமீற்றர், என்றால் கவனம். 100 என்றால் தயார். 150 என்றால் வெளியேற வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று கண்டால் அளந்துகொண்டிருக்க வேண்டாம். வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இல் அறிவிப்போம்.

ஆனால், பேர் போய்விடுமென்று பயந்து அந்த மழையிலும் மலைக்கு ஏறுகிறவர்கள் நாம்தான். ஆகவே மூன்றைக் கேட்கிறோம்: எச்சரிக்கையைப் பிரட்டுக்களத்தில் தமிழில் அறிவியுங்கள். வெளியேறும் நாளுக்குப் பேர் போடுங்கள். பாதுகாப்பான காணியில் வீடு தாருங்கள்.

முதல் இரண்டையும் நாளைக்கே செய்யலாம். மூன்றாவது கிடைக்கும்வரை நாம் ஓயமாட்டோம்.